ஏழு பேர், 400 மணி நேர ஒலிப்பதிவு: எந்த கிளவுடில் வைப்பது?

எங்கள் ஆய்வுக் குழுவில் ஏழு பேர். நான்கு பேர் தமிழ்நாட்டில், இருவர் யாழ்ப்பாணத்தில், ஒருவர் ஜெர்மனியில். ஊர் ஊராகப் போய் வாய்மொழிக் கதைகளையும் ஒப்பாரிகளையும் பதிவுசெய்து, எழுத்தாக்கி, பேச்சுவழக்கு எங்கெங்கே எப்படி மாறுகிறது என்று பார்ப்பது வேலை. மூன்று வருடத்தில் 400 மணி நேர ஒலிப்பதிவு சேர்ந்துவிட்டது. வீடியோ தனி. இதையெல்லாம் எங்கே வைப்பது என்று பேச்சு வந்தபோது ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். ஒருவர் கூகுள் டிரைவ் என்றார், ஒருவர் டிராப்பாக்ஸ் என்றார், ஒருவர் கல்லூரி கொடுத்திருக்கும் மைக்ரோசாஃப்ட் ஒன்டிரைவ் சும்மாதானே கிடக்கிறது என்றார். குழுவில் இளையவர், "நாமளே ஒரு சர்வர் வச்சிடலாம் சார்" என்றார். தேடிப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

எனக்கு ஒரு பழைய காயம் உண்டு. இதற்கு முந்தைய திட்டத்தில் எழுத்தாக்க வேலை முழுவதையும் ஒரு முனைவர் பட்ட மாணவி பார்த்துக்கொண்டார். எல்லாக் கோப்புகளும் அவருடைய நிறுவனக் கணக்கில் இருந்தன, எங்களுக்குப் பகிர்ந்திருந்தார். பட்டம் வாங்கினார், வேலை கிடைத்து வெளியூர் போனார், வாழ்த்துச் சொன்னோம். நிறுவனம் வழக்கம்போல அவர் கணக்கை மூடியது. சில வாரம் கழித்து ஃபோல்டரைத் திறந்தால் இரண்டு வருட எழுத்தாக்கம் இல்லை. அவருடைய பழைய லேப்டாப்பில் பாதி கிடைத்தது. மீதியை மறுபடி கேட்டு எழுதினோம். ஒரு மணி நேரப் பதிவை எழுத்தில் கொண்டுவர எங்கள் கைக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாது. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதனால் இந்த முறை எந்தச் சேவையைப் பார்த்தாலும் நான் கேட்ட முதல் கேள்வி, கோப்பு யார் பெயரில் இருக்கும் என்பதுதான். எத்தனை ஜிபி, என்ன விலை என்பதெல்லாம் அப்புறம்.

கூகுள் டிரைவை எடுத்துக்கொள்வோம். எல்லாருக்கும் பழக்கம், போனிலும் திறக்கும், ஒரே ஆவணத்தில் நான்கு பேர் ஒரே நேரத்தில் எழுதலாம். சாதாரண ஜிமெயில் கணக்கில் 15 ஜிபி இலவசம். மின்னஞ்சலும் போட்டோக்களும் அந்தப் 15-க்குள்ளேயே பங்கு கேட்கும். பகிர்ந்த ஃபோல்டருக்குள் யார் கோப்பை ஏற்றுகிறாரோ அவர்தான் அதன் உரிமையாளர், அவர் கணக்கிலிருந்துதான் இடம் கழியும். ஃபோல்டரைத் திறந்தவர் நீங்களாக இருந்தாலும் உள்ளே கிடப்பது ஏழு பேரின் சொத்து. வாடகை வீட்டில் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து வைத்த சமையலறை மாதிரி. ஒருவர் காலி பண்ணினால் குக்கரும் போகும்.

இதற்கு ஷேர்டு டிரைவ் என்று ஒரு மாற்று இருக்கிறது. அதில் வைக்கும் கோப்பு தனி ஆளுடையது அல்ல, நிறுவனத்துடையது. ஆள் போனாலும் கோப்பு இருக்கும். ஆனால் இலவச ஜிமெயில் வைத்திருப்பவர் ஷேர்டு டிரைவைத் தொடங்க முடியாது; கூகுளின் கல்வித் திட்டம் போன்ற ஒரு நிறுவனத் திட்டத்தில் இருக்கும் நிறுவனம் தொடங்கிக் கொடுக்க வேண்டும். வெளியாட்களை உறுப்பினராகச் சேர்க்கலாமா என்பதும் அந்த நிறுவனத்தின் நிர்வாகி கையில். எங்களுக்கு இது பாதி வெற்றி: குழுவில் ஒருவரின் கல்லூரி கூகுளில் இருக்கிறது, நிர்வாகியும் நல்ல மனிதர். ஒரு கடிதம் கொடுத்தோம், இரண்டு வாரத்தில் கிடைத்தது.

இடம் எவ்வளவு என்பதில்தான் பலர் பழைய நினைப்பில் இருக்கிறார்கள். கல்விக் கணக்கென்றால் வரம்பே இல்லை என்ற காலம் முடிந்துவிட்டது. 2021-இல் கூகுள் அறிவித்து, 2022 ஜூலை முதல் ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாக 100 டெராபைட் என்று ஆக்கிவிட்டது. 100 டெராபைட், அதாவது ஒரு லட்சம் ஜிபி, பெரிதாகத் தெரியும். 20,000 கணக்குகள் உள்ள பல்கலைக்கழகத்துக்கு வகுத்தால் தலைக்கு 5 ஜிபி. மைக்ரோசாஃப்டும் 2024-இலிருந்து இதே பாதையில் 100 டெராபைட் பொதுத் தொட்டிக்கு வந்துவிட்டது. ஆகவே "காலேஜ் அக்கவுன்ட்டில் போட்டுடலாம்" என்று யாராவது சொன்னால், நிர்வாகி உங்களுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார் என்று முதலில் கேளுங்கள். பல இடங்களில் அது உங்கள் போனின் கொள்ளளவைவிடக் குறைவு.

ஒன்டிரைவ் பற்றி எனக்கு முன்பு நல்ல எண்ணம் இல்லை. இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. ஆய்வுக் கட்டுரை எழுதுபவர்கள் இன்னும் வேர்டில்தான் எழுதுகிறார்கள். அடிக்குறிப்பு, திருத்தக் குறி, பத்திரிகை கேட்கும் வார்ப்புரு எல்லாம் அதில்தான் ஒழுங்காக நிற்கின்றன. வேர்டைக் கணினியில் திறந்தபடியே இரண்டு பேர் ஒன்றாகத் திருத்தலாம் என்பது ஒன்டிரைவின் உண்மையான பலம்.

இங்கே தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் வந்தது. யாழ்ப்பாண நண்பர் அனுப்பிய பழைய எழுத்தாக்கங்களை கூகுள் டாக்ஸில் திறந்தால் ஆங்கில எழுத்துக்கள் சிதறிக் கிடந்தன. கேட்டபோது, "அது பாமினி. எங்கட ஆக்கள் கனபேர் இன்னும் அதிலதான் அடிக்கிறவை" என்றார். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை யூனிகோட். பாமினி யூனிகோட் அல்ல. ஆங்கில விசைக்குரிய இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருக்கும் எழுத்துரு. எழுத்துரு கணினியில் இருந்தால் வேர்டு காட்டிவிடும். கூகுள் டாக்ஸில் நம் எழுத்துருவை ஏற்ற வழி இல்லை, அதனால் அது தமிழாகவே தெரியாது. பழைய கோப்புகள் நிறைய வைத்திருக்கும் குழுவுக்கு இது ஒன்றே ஒன்டிரைவ் பக்கம் சாயப் போதுமான காரணம். நாங்கள் வேறு வழி எடுத்தோம்: பழைய கோப்பை அப்படியே வைத்து, பக்கத்தில் ஒரு பிடிஎஃப், ஒரு யூனிகோட் பிரதி. மாற்றும் கருவிகள் இருக்கின்றன, ஆனாலும் ஒரு வாரம் உட்கார்ந்து பிழை பார்க்க வேண்டியிருந்தது.

ஒன்டிரைவிலும் உரிமைக் கேள்வி அதேதான். தனி ஆளின் ஒன்டிரைவ் அவர் கணக்கு நீக்கப்பட்டதும், நிர்வாகி எதையும் மாற்றியிருக்காவிட்டால், 30 நாள் இருக்கும், பிறகு போய்விடும். மைக்ரோசாஃப்டின் குழுப்பணிச் சேவைகளான டீம்ஸ் அல்லது ஷேர்பாயின்ட்டில் குழுவின் பெயரில் உள்ள நூலகத்தில் வைத்தால் ஆள் போனாலும் நிற்கும். வெளி நிறுவனத்து ஆட்களை விருந்தாளியாகச் சேர்க்கலாம், ஆனால் பல கல்லூரிகளில் அந்தக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஏழு பேரும் நான்கு நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள். மூன்று முறை அழைப்பு அனுப்பியும் ஒருவருக்குத் திறக்கவே இல்லை. அந்த ஒருவர் எங்கள் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஐயா. எழுபது வயதைத் தாண்டியவர், வழக்குச்சொற்களில் எங்கள் எல்லாரையும்விட ஆழமானவர், வாட்ஸ்அப்பைத் தாண்டி எதுவும் தெரியாது. ஐயாவால் திறக்க முடியாத இடத்தில் எழுத்தாக்கத்தை வைத்துப் பயனில்லை. குழுவில் யாருக்குக் கணினிப் பழக்கம் மிகக் குறைவோ அவரை உட்காரவைத்துச் சோதித்துவிட்டுத்தான் எதையும் முடிவு செய்ய வேண்டும் என்பது அன்றைக்குப் புரிந்தது.

டிராப்பாக்ஸை நீண்ட நாள் பயன்படுத்தியவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. கோப்புகளை ஒத்திசைப்பதில் எனக்கு இன்றும் மிகப் பிடித்தது அதுதான். பெரிய கோப்பில் ஒரு மூலையை மாற்றினால் மாறிய துண்டை மட்டும் அனுப்பும். மெதுவான இணைப்பில் இது வரப்பிரசாதம். ஆனால் பகிர்ந்த ஃபோல்டரின் அளவு ஒவ்வொரு உறுப்பினரின் கணக்கிலும் கழியும். தனிநபர் கணக்குகளில் 40 ஜிபி ஃபோல்டரை ஏழு பேர் பகிர்ந்தால் ஏழு பேருக்கும் 40 ஜிபி இடம் இருக்க வேண்டும். இலவசக் கணக்கு 2 ஜிபி. அதாவது ஏழு பேரும் பணம் கட்ட வேண்டும், அல்லது குழுத் திட்டம் வாங்க வேண்டும். மாணவர்கள் உள்ள குழுவில் இது நடக்காது. சரி, அடுத்தது.

சொந்த சர்வர். நெக்ஸ்ட்கிளவுட் என்ற திறமூல மென்பொருளைப் போட்டால் டிராப்பாக்ஸ் போலவே ஒன்று நம் அறையிலேயே ஓடும். ஜெர்மனியில் இதை விளையாட்டாகச் செய்யவில்லை. நார்த் ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 2015 முதல் சியெபோ என்ற பொது கிளவுடை நடத்துகின்றன, ஓன்கிளவுட் என்ற மென்பொருளில் தொடங்கியது. நெக்ஸ்ட்கிளவுடே 2016-இல் அந்த ஓன்கிளவுடிலிருந்து பிரிந்து வந்ததுதான். தரவு ஊரை விட்டு வெளியே போகாது, யார் பார்த்தார்கள் என்பது நமக்குத் தெரியும். ஜெர்மனித் தோழிக்கு இது மிகவும் பிடித்த யோசனை. ஐரோப்பாவில் தனித்தரவுச் சட்டம் கடுமை என்பதால் அமெரிக்க நிறுவனச் சேவை என்றாலே அவர் நிறுவனத்தில் இரண்டு படிவம் கூடுதலாக நிரப்ப வேண்டும்.

நான் வேண்டாம் என்றேன். மென்பொருளை நிறுவுவது ஒரு நாள் வேலை. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் பாதுகாப்புத் திருத்தம் போட வேண்டும், டிஸ்க் பழுதானால் மாற்ற வேண்டும், மின்வெட்டில் யுபிஎஸ் தாங்குமா என்று பார்க்க வேண்டும், வளாக வலையமைப்பைக் காக்கும் ஃபயர்வாலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு வழிவிட வேண்டும். "வச்சிடலாம் சார்" என்ற தம்பி அடுத்த வருடம் படிப்பு முடித்துப் போய்விடுவார். அப்போது அந்த சர்வர், முன்பு அந்த மாணவியின் கணக்கு இருந்த நிலைக்கே வந்துவிடும். சம்பளம் வாங்கும் கணினி நிர்வாகி ஒருவர் இதைத் தன் வேலை என்று எழுதிக் கொடுத்தால் யோசிக்கலாம்.

பெரிய இடங்களிலும் தவறு நடக்கிறது. 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழக சூப்பர்கம்ப்யூட்டரின் சேமிப்பில், பழைய லாக் (இயக்கப் பதிவு) கோப்புகளை நீக்க வேண்டிய ஒரு சிறு நிரல் ஆய்வுத் தரவையே நீக்கியது. சுமார் 77 டெராபைட், 3.4 கோடிக் கோப்புகள், 14 ஆய்வுக் குழுக்கள். அதில் நான்கு குழுக்களின் தரவை மீட்கவே முடியவில்லை. ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் பல வருடம் நம்பியிருந்த கிளவுட்ஸ்டோர் சேவை 2023 டிசம்பரில் மூடப்பட்டது. அதுவும் கல்வித்துறையே நடத்தியதுதான். கூகுள் மட்டும் புனிதமா என்றால், 2022 ஜனவரியில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் வைத்திருந்த, '1' என்ற ஒரே எண் மட்டும் உள்ள கோப்பைப் பதிப்புரிமை மீறல் என்று அதன் தானியங்கி முறை கொடி காட்டியது. ஒன்று என்ற எண்ணுக்கு யார் பதிப்புரிமை வாங்கினார்களோ.

இந்த இடத்தில் வேலை சிக்கிக்கொண்டது. விடுவித்தது ஒரு எளிய கணக்கு.

நாங்கள் பதிவுசெய்வது 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ வாவ், அதாவது சுருக்காத ஒலிக்கோப்பு. மணிக்கு ஒரு ஜிபிக்குச் சற்று மேல். 400 மணி நேரத்துக்கு 415 ஜிபி. வீடியோ கிட்டத்தட்ட 900. மொத்தம் 1.3 டெராபைட். எங்கள் இணைப்பில் மேலேற்றும் வேகம் நல்ல நாளில் 20 எம்பிபிஎஸ். அந்த வேகத்தில் இராப்பகலாக ஏற்றினாலும் ஆறு நாள். அதை மற்ற ஆறு பேரும் இறக்க வேண்டும். ஆனால் இத்தனை தரமும் யாருக்கு வேண்டும்? எழுத்தாக்குபவருக்குக் காதில் தெளிவாக விழுந்தால் போதும். 16 பிட், 16 கிலோஹெர்ட்ஸ், மோனோ வாவாக மாற்றினால் மணிக்கு 115 எம்பி. 400 மணி நேரம் 46 ஜிபியில் அடங்கிவிடும். எம்பி3 ஆக்கினால் இன்னும் சிறிது, ஆனால் ஒலியோடு எழுத்தைப் பொருத்த நாங்கள் பயன்படுத்தும் ஈலான் மென்பொருளில் அலைவடிவத்தைப் பார்த்து வெட்ட வாவ்தான் வசதி. 16 கிலோஹெர்ட்ஸாகக் குறைப்பதில் எட்டு கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலி போய்விடும். சகர வேறுபாடுகளை அளப்பவர் மட்டும் மூலப் பதிவைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். அவர் ஒரே ஒருவர்தான்.

1.3 டெராபைட் கேள்வி 46 ஜிபி கேள்வியானதும் காற்று வந்தது. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போடும் பிடிவாதத்தையும் அன்றைக்கே விட்டோம்.

கேட்பதற்கான பிரதிகள், ஈலான் கோப்புகள், கட்டுரை வரைவுகள் ஆகியவை ஷேர்டு டிரைவில். மூலப் பதிவுகள் இரண்டு ஹார்ட் டிஸ்குகளில், ஒன்று சென்னையில், ஒன்று யாழ்ப்பாணத்தில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டையும் செருகி, ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்ணும் முதல் நாள் எழுதிவைத்த எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறோம். கிளவுடில் இருந்தாலே பேக்கப் என்று நினைப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: ஒத்திசைவு என்பது நல்லதையும் கெட்டதையும் சமமாகப் பரப்பும். ஒருவர் தவறாக நீக்கினால் ஏழு கணினியிலும் நீங்கும். கூகுள் டிரைவில் குப்பைத்தொட்டி 30 நாளில் காலியாகும். ஆய்வில் பிழை தெரியவருவது பெரும்பாலும் ஆறாவது மாதம்.

ஈலான் கோப்பு விஷயத்தில் கிளவுட் உதவாது என்றே சொல்வேன். கூகுள் டாக்ஸ் போல அதில் இருவர் சேர்ந்து எழுத முடியாது. இருவர் ஒரே நேரத்தில் திறந்து சேமித்தால் ஒருவர் வேலை மற்றவர் வேலையின் மேல் ஏறும், அல்லது முரண் பிரதி என்று இரண்டு கோப்பு நிற்கும். கையால் பார்த்துச் சேர்க்க வேண்டும். நாங்கள் ஒரு விரிதாளைப் பேரேடு மாதிரி வைத்திருக்கிறோம். கோப்பை எடுக்கும் முன் பெயரும் தேதியும் எழுத வேண்டும், வைத்ததும் அடிக்க வேண்டும். நூலகத்தில் புத்தகம் எடுக்கிற பழைய முறைதான். மேற்கோள்களைச் சேர்த்துவைக்கும் சோட்டெரோ மென்பொருளிலும் இப்படி ஒரு பள்ளம் உண்டு: அதன் தரவு ஃபோல்டரை டிரைவிலோ டிராப்பாக்ஸிலோ வைத்தால் தரவுத்தளம் கெட்டுப்போக வாய்ப்பிருக்கிறது, வைக்க வேண்டாம் என்று அவர்களே எச்சரிக்கிறார்கள். அதற்கு அதனுடைய சொந்தக் குழு நூலகத்தைப் பயன்படுத்துங்கள். இலவச இடம் 300 எம்பிதான், பிடிஎஃப்களை இணைக்காமல் மேற்கோள் விவரங்களை மட்டும் வைத்தால் ஓடும்.

கோப்புப் பெயரைத் தமிழில் வைக்கக் கூடாது என்று முடிவெடுத்தபோது குழுவில் சண்டையே வந்தது. தமிழ் ஆய்வில் தமிழ்ப் பெயருக்குத் தடையா என்று ஐயாவுக்குக் கோபம். ஆனால் யூனிகோடில் கொம்பும் காலும் சேர்ந்த 'ொ' குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டாக உடைத்தும் எழுதலாம். பழைய மேக் கோப்பு முறை உடைத்து வைக்கும், லினக்ஸ் வந்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். விளைவு, 'தொகுப்பு' என்ற பெயரில் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும் இரண்டு கோப்புகள். இன்னொன்று, லினக்ஸில் ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட் வரம்பு. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுக்கும், அதாவது 85 குறிகள். பெரும்பாலான உயிர்மெய்க்கே இரண்டு குறி போகும். ஊர்ப் பெயர், பாடியவர் பெயர், பாடல் முதலடி என்று வைத்த பெயர்களெல்லாம் பாதியில் அறுந்தன. கடைசியில் ஊர்க் குறி, தேதி, வரிசை எண் என்று ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் பெயர். தமிழ் விவரம் முழுவதும் விரிதாளில். ஐயா இன்னும் முழுதாகச் சமாதானம் ஆகவில்லை.

ஒப்புதல் படிவங்கள் மட்டும் இந்த எதிலும் சேராது. பெயர், கையெழுத்து, போன் எண் எல்லாம் அதில் இருக்கின்றன. சில பதிவுகளில் நிலத் தகராறு வருகிறது, சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது வருகிறது. "லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்" என்ற ஒரு சொடுக்கு போதும், ஒரு பாட்டி நம்மை நம்பிச் சொன்னது ஊர் முழுக்கப் போய்விடும். இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனித்தரவுப் பாதுகாப்புச் சட்டம், இலங்கையின் 2022 சட்டம், ஐரோப்பியச் சட்டம் மூன்றையும் வைத்துப் பார்த்துவிட்டு, படிவங்களைத் தாளாகவே பூட்டிய அலமாரியில் வைத்தோம். ஸ்கேன் பிரதி கிரிப்டோமேட்டர் என்ற மறையாக்க மென்பொருளால் பூட்டிய பெட்டிக்குள் மட்டும், கடவுச்சொல் இருவரிடம். அலமாரிச் சாவி ஐயாவிடம். சாவியைக் கொடுத்ததில் அவருக்குக் கொஞ்சம் திருப்தி.

வேலை முடிந்த தொகுப்புகளை எங்கே வெளியிடுவது என்பது தனிக் கேள்வி, பதில் சுலபம். ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனமான செர்ன் நடத்தும் ஸெனோடோ தரவுக் களஞ்சியத்தில் ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை வைக்கலாம், டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண் தருவார்கள், மேற்கோள் காட்ட வசதி. வேலை நடந்துகொண்டிருக்கும்போது தினமும் திருத்தும் இடம் அது அல்ல. ஓஎஸ்எஃப் (ஓபன் சயின்ஸ் ஃப்ரேம்வொர்க்) என்ற ஆய்வுத் திட்டத் தளம் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. வெளியிடாத திட்டத்துக்கு 5 ஜிபி, வெளியிட்டதற்கு 50. அது டிரைவோடும் டிராப்பாக்ஸோடும் இணையும் என்பதால் சிறிய குழுக்கள் பார்க்கலாம். யாழ்ப்பாணப் பதிவுகளுக்கு 2005 முதல் இயங்கும் 'நூலகம்' என்ற எண்ணிம ஆவணக்காப்பகத்தில் ஒரு பிரதி கொடுப்பதுதான் முறை என்று அங்குள்ள இருவரும் சொல்கிறார்கள், எனக்கும் அதுவே சரி.

வீடியோ 900 ஜிபி இன்னும் டிஸ்கில்தான். கிளவுடில் ஏற்ற யாருக்கும் மனமில்லை, நீக்கவும் மனமில்லை.

"வச்சிடலாம் சார்" தம்பி ஜூனில் கிளம்புகிறார். போன வாரம் அவரை உட்காரவைத்து, டிரைவில் அவர் பெயரில் உள்ள கோப்புகளை மட்டும் தேடச் சொன்னேன். எல்லாம் ஷேர்டு டிரைவில்தானே, ஒன்றும் வராது என்று நினைத்தோம். பதினொன்று வந்தன. பத்து, பழைய வரைவுகள். பதினொன்றாவது, எழுத்தாக்கத்தில் நாங்கள் பயன்படுத்தும் குறியீட்டுப் பட்டியல். ஏழு பேரும் தினமும் திறப்பது. மூன்று வருடமாக அவருடைய சொந்த டிரைவில் இருந்து வெறும் குறுக்குவழியாகத்தான் எங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கே நகர்த்தினோம்.